கரூர் வெயிலிலிருந்து குன்னூர்க் குளிருக்கு

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “மே மாதம் வந்துவிட்டால் ஊரே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடுகிறது. எங்கே பார்த்தாலும் கூட்டம், சாலையில் நெரிசல், அறை வாடகை இரண்டு மடங்கு. வீட்டிலேயே ஏசி இருக்கும்போது இவ்வளவு அலைச்சல் எதற்கு? கோடை விடுமுறைக்கு வெளியூர் போவதில் உண்மையான இன்பம் ஏதேனும் இருக்கிறதா, அல்லது எல்லாரும் போகிறார்கள் என்பதற்காகத்தான் நாமும் போகிறோமா? எனக்கு இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய தாயார், கையில் ஐந்து நாள் விடுப்பு.”

இன்பம் இருக்கிறது, அது சிறிய இன்பமும் அன்று. நான் கரூரில் பிறந்து, கரூரிலேயே புவியியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் பெற்றோருடனும், பிறகு மனைவி மக்களுடனும், இப்போது பேரப்பிள்ளைகளுடனுமாக, கோடையில் முப்பது முறைக்குக் குறையாமல் நீலகிரிக்குப் போய் வந்திருக்கிறேன். ஆகவே பொதுவாகப் பேசாமல், எனக்குத் தெரிந்த அந்த ஒரு மலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஏசியைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். கோடையில் வானிலை ஆய்வு மையம் வெளியிடும் வெப்பநிலைப் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி முன்வரிசையில் நிற்கும்; 40 டிகிரி என்பது எங்களுக்குச் செய்தியே அல்ல. மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்து, 28-ஆம் தேதி வாக்கில் கழியும் வரை, காலை பத்து மணிக்கெல்லாம் தெரு வெறிச்சோடிவிடும். சன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவோம். பிள்ளைகள் வாசலில் கால் வைத்தால் “வெயில்ல எங்க போற, உள்ள வா” என்று ஒரு குரல் எழும். ஏசி உள்ள வீடுகளில் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் “கதவைச் சாத்து” என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். அந்த அறை குளிர்ச்சியாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோடை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட பெரும் பொருள் குளிர்ச்சி அன்று, அது வெளி. வாசல், திண்ணை, தெரு, மரத்தடி, பகல்பொழுது முழுவதும் நம் கையை விட்டுப் போய்விடுகின்றன. ஏசி அவற்றுள் ஒன்றையும் மீட்டுத் தருவதில்லை. மலைக்குப் போகிறவனுக்கு அவை எல்லாம் ஒரே நாளில் திரும்பக் கிடைக்கின்றன. நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை “வெளியே போய் விளையாடுங்கள்” என்று சொல்ல முடிகிறது. கோடைப் பயணத்தின் இன்பங்களை நான் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொன்றும் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது.

அந்த இன்பம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பரணிலிருந்து கம்பளிப் பையை இறக்கி, அந்துருண்டை வாடை அடிக்கும் ஸ்வெட்டர்களை உதறிக் கொடியில் போடும் நாள் எங்கள் வீட்டில் ஒரு சிறு திருவிழா. வியர்வை வழிய வழியப் பிள்ளைகள் அவற்றைப் போட்டுப் பார்ப்பார்கள். போன ஆண்டுக் கை இந்த ஆண்டு முழங்கைக்கு மேலே ஏறியிருக்கும். புளிச்சோறும் முறுக்கும் எத்தனை வேளைக்கு வரும் என்ற கணக்கும், அடுத்த வீட்டாரிடம் சாவி கொடுத்துத் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் அந்த வாரத்தின் வேலைகள்.

இப்போது மலைக்கு எப்படிப் போவது என்பதற்கு வருகிறேன். என் வற்புறுத்தலான கருத்து, முடிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறுங்கள் என்பதுதான். வீட்டு வாசலில் ஏசி காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மலையில் விடுதி வாசலில் இறங்குகிறவர், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாறியவரே. வெயில் எங்கே முடிந்து குளிர் எங்கே தொடங்குகிறது என்பது அவர் உடம்புக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மலை ரயில் அதை அங்குலம் அங்குலமாகத் தெரிவிக்கிறது.

முதல் நாள் மாலையே மேட்டுப்பாளையம் வந்து, நிலையத்துக்கு அருகே ஓர் எளிய விடுதியில் தங்குவது எங்கள் வழக்கம். அந்த இரவுப் புழுக்கத்தில் மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள், மறுநாள் கிடைக்கப்போவதை அளந்தறிய அந்த இரவு தேவைப்படுகிறது. காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் வண்டி புறப்படும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டரில். இடையே உள்ள தூரம் 46 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மணிக்குப் பத்து கிலோமீட்டரையும் எட்டாத வேகம் என்று சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வேகத்தில்தான் பாக்குத் தோப்பில் எந்த மரத்தில் கொடி படர்ந்திருக்கிறது என்பதுவரை பார்க்க முடிகிறது.

கல்லாறு வரை சமதரை. அங்கே வண்டி நின்று, பிறகு மெல்ல அசையும்போது, கீழேயிருந்து ஒரு புதிய ஓசை கேட்கத் தொடங்கும்; இரும்போடு இரும்பு கவ்வும் கடகட ஓசை. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வருமாறு அவற்றை அமைத்திருக்கிறார்கள். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடிப்பை இழப்பதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பற்பாதைதான். ஏற்றம் மிகக் கடுமையான இடங்களில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிறது வண்டி. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே முதல் பெட்டியில் அமர்ந்தவருக்கு எதிரே மறைப்பு ஏதுமில்லாமல் பாதையும் பள்ளத்தாக்கும் தெரியும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் ஊழியர் ஒருவர் கையில் கொடியுடன் நின்றுகொண்டே வருவார். எஞ்சினின் சிலிண்டர் உருளைகளில் ஒருமுறை வேலை செய்த நீராவியை வீணாக வெளியே விடாமல், இன்னொரு சோடி உருளைகளுக்கு அனுப்பி, அதைக் கொண்டே பல்சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்; வண்டியில் சொன்னால் எழுந்து நின்று கேட்பார்கள். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இதே வகை எஞ்சின்களைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமிதமாக இருக்கிறது.

இந்தப் பாதை வேண்டும் என்ற யோசனை 1854-இல் எழுந்தது. கட்டுமானம் தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை 1899-இல் வண்டி ஓடி, உதகை வரை முடிந்தது 1908-இல். யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் ஏற்றது. பதினாறு சுரங்கங்களும் ஏறத்தாழ இருநூற்றைம்பது பாலங்களும் உள்ள பாதை இது. சுரங்கத்துக்குள் வண்டி நுழையும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பிள்ளைகள் ஒரே குரலில் கூவுவார்கள். மூன்றாவது சுரங்கத்தில் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். அந்த இடத்தை என்னால் மறக்க முடிந்ததில்லை. கல்லாறில் முதுகோடு ஒட்டியிருந்த சட்டை அங்கே இறங்கி நிற்கும்போது உலர்ந்து தனியாக அசைகிறது. தேநீர்க் குவளையிலிருந்து எழும் ஆவி முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. குரங்குகள் கூரையிலிருந்து வடையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு முறை என் மகன், அப்போது எட்டு வயது, மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தான். ஹில்குரோவில் அது உப்பத் தொடங்கி, குன்னூரில் தலையணைபோல் விறைத்து நின்றது. “அப்பா, இது ஏன் வீங்கிப்போச்சு?” என்றான். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட சமவெளிக் காற்று விரிகிறது என்று சொன்னேன். உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. காது அடைத்துக்கொள்வதும் அதனால்தான். எச்சிலை விழுங்கினால் ‘பட்’டென்று திறந்துகொள்ளும். பாடநூலின் இரண்டு பக்கங்கள் அவன் மடியில் உட்கார்ந்திருந்தன. அவன் பின்னாளில் எனக்கு அனுப்பிய கடிதம் ஒன்றிலும் அந்தப் பொட்டலத்தை நினைவுகூர்ந்திருந்தான்.

குளிர் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் காற்றை நேரே சூடாக்குவதில்லை. நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போகப்போக விரிந்து, விரிவதற்கே தன் வெப்பத்தைச் செலவிட்டுக் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே 1,877 மீட்டர் என்றால் பன்னிரண்டு டிகிரி. கீழே 35 என்றால் மேலே 23. பிள்ளைகளிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து ஒவ்வொரு நிலையத்திலும் எழுதிவரச் சொல்லுங்கள். இந்தக் கணக்கு அவர்கள் கையெழுத்திலேயே அவர்கள் முன் விரியும். மலையும் முன்போல் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் மனம் கனத்துப்போனது.

கோடைக்கு மலையேறும் இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தார். கோத்தகிரியிலும் பிறகு உதகையிலும் வீடு கட்டினார். உதகை ஏரி அவர் வெட்டுவித்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம் மாறி அங்கிருந்து இயங்கியது. அப்படி ஆட்சியாளர்களின் வசதியாகத் தொடங்கிய ஒன்று, இருப்புப் பாதையும் பேருந்தும் வந்த பிறகு, நெசவுக்காரர் குடும்பமும் ஆசிரியர் குடும்பமும் ஆண்டுக்கொரு முறை ஆசைப்படக்கூடியதாக ஆகியிருக்கிறது. அது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோரின் ஊராக இருந்த மலை அது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். என் தாயாரை அவருடைய எழுபத்து மூன்றாம் வயதில் அழைத்துச் சென்றேன். “எனக்கு எதுக்குடா மலை, முட்டி வலிக்கும், சளி பிடிக்கும், நீங்க போயிட்டு வாங்க” என்று கடைசி நாள் வரை மறுத்துக்கொண்டிருந்தார். இருதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அவை இல்லாதவர்களுக்கு இந்த உயரம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. முதல் நாள் மேட்டில் நடக்காமல், மெல்ல இருந்தால் போதும். மலை ரயிலில் இருக்கை குறுகல். கழிப்பறைக்கு நிலையங்களைத்தான் நம்ப வேண்டும். ஆகவே முதியவர்களுடன் போகிறவர்கள் உதகை வரை போகாமல் குன்னூரிலேயே இறங்கிவிடுவது நல்லது. பற்பாதையின் அழகு முழுவதும் அதற்குள் முடிந்துவிடுகிறது. மூன்றே கால் மணி நேரம்தான் ஆகும். குன்னூர் உதகையைவிடச் சற்றுத் தாழ்வு, குளிரும் மிதம், கூட்டமும் குறைவு. தங்குவதற்கு நான் எப்போதும் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

மறுநாள் காலை என் தாயார் விடுதியின் முற்றத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கிழக்கு பார்த்த சுவரோரமாக நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். பள்ளத்தாக்கில் மேகம் பால்போல் நிரம்பிக் கிடந்தது. வெயில் சுவரில் ஏறி, அவர் பாதத்தைத் தொட்டு, மெல்ல முழங்காலுக்கு வந்தது. அவர் நாற்காலியை வெயில் பக்கமாக இன்னும் ஓரடி நகர்த்திப் போட்டுக்கொண்டார். முந்தைய நாள் வரை எந்த வெயிலுக்குப் பயந்து சன்னலைச் சாத்தினாரோ அதே மே மாத வெயிலை, தேடிப் போய், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்தார். தேநீரோடு கொடுத்த வர்க்கியைப் பல் இல்லாத வாய்க்கு எப்படித் தின்பது என்று முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஏடு ஏடாக அடுக்கிச் சுட்ட, தொட்டாலே உதிர்கிற தின்பண்டம். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தேநீரில் இரண்டு நொடி நனைத்தால் மேல் ஏடுகள் குழைந்து, அடியில் ஒரு மொறுமொறுப்பு மட்டும் மிஞ்சும். அந்தக் கணக்கை அவர் மூன்றாவது வர்க்கியில் கண்டுபிடித்தார். அன்று பகல் முழுவதும் அந்த நாற்காலி வெயிலோடு சேர்ந்து முற்றத்தைச் சுற்றி வந்தது. ஒரு சொல்கூட முட்டி வலியைப் பற்றி அவர் பேசவில்லை.

எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். என் பட்டியல் சிறியது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா, 1874-இல் ஏற்பட்டது. சரிவை ஒட்டி அடுக்கடுக்காக இறங்கும் தோட்டம், உள்ளே ஓர் உருத்திராட்ச மரம் இருக்கிறது. ஒரு நாள் காலை ரயிலில் உதகைக்குப் போய் வாருங்கள், கேத்திப் பள்ளத்தாக்கில் காரட்டும் கோசும் உருளையும் படிப்படியாகப் பயிராகியிருப்பதைச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். உதகையில் தாவரவியல் பூங்கா போதும். 1848-இல் நிறுவப்பட்ட அதற்குள் கதவு திறந்தவுடனே நுழைந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பூவைவிடத் தலைகள்தான் தெரியும். அங்கே கிடக்கும் கல்லாகிப்போன மரத்துண்டு இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையது. மற்றவற்றை, படகுத் துறை உட்பட, பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஐந்து நாளில் ஒரு நாளை முற்றிலும் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பதற்கும், பிற்பகல் மழை வந்தால் வழியில் உள்ள தேநீர்க் கடையில் ஒதுங்கி, தகரக் கூரையில் அது விழும் ஓசையைக் கேட்பதற்கும் அந்த நாள் உதவும். குளிர்கிறதே என்று பிள்ளைகளைத் தொப்பியில்லாமல் விடாதீர்கள். மெல்லிய காற்றில் வெயில் சுடாமலே எரிக்கும், மூக்கு நுனியில் தோல் உரியும்.

ஒரு செய்தியில் நான் பிடிவாதமாக இருப்பேன்: சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள். செலவு குறையும் என்று நான் ஒரு கோடையில் அப்படி எடுத்தேன். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. ஆகவே திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும், பருப்பு வேக இன்னும் நேரமாகும். மூன்றாம் நாள் மாலை நாங்கள் எல்லாரும் நடைக்குக் கிளம்பியபோது என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னார்: “அங்கயும் குக்கர் விசில எண்ணினேன், இங்கயும் அதத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்.” கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் நால்வர் வெளியே வர, ஒருவர் மட்டும் அனலுக்கு முன்னால் நின்றிருந்தார் என்றால், அந்த ஒருவருக்குக் கோடை முடியவே இல்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிடுகிறோம். அதற்காக ஒரு நாள் குறைத்துத் தங்க நேர்ந்தாலும் சரி. என் மனைவி காலை ஆறரை மணிக்கு ஒருவருக்கும் எதையும் எடுத்து வைக்காமல், கையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு தனியாக நடந்து போய்த் திரும்புவதைப் பார்ப்பது எனக்கு இந்தப் பயணங்களின் பெரும் இன்பங்களுள் ஒன்றாகிவிட்டது.

கூட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை மறைத்துப் பேச மாட்டேன். மலர்க் கண்காட்சி நடக்கும் ஒரு சனிக்கிழமையில் வாடகை வேனில் மலையேறி, பர்லியாறுக்கும் குன்னூருக்கும் இடையே நான்கு மணி நேரம் நின்றிருக்கிறோம். மகள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். மேலே போய்ச் சேர்ந்தால், நாங்கள் முன்பணம் கட்டியிருந்த விடுதியில் எங்கள் அறையைக் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த இரவின் வேதனை இன்னும் மனத்தில் இருக்கிறது. இப்போது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. 2024 மே மாதம் தொடங்கிய அது, 2025 கோடையில், வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்ற வரம்போடு நீலகிரிக்கு நடைமுறைக்கு வந்தது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. உங்கள் ஐந்து நாளைத் திங்கள் முதல் வெள்ளி வரை அமைத்துக்கொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது. கண்காட்சி நாட்களைத் தவிர்த்து, ஏப்ரல் கடைசி வாரத்திலோ மே மாத முதல் நாட்களிலோ போனால் மீதிப் பாதியும் தீரும். மலை ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் நாளிலேயே பதிந்துவிட வேண்டும், தாமதித்தால் கிடைக்காது.

நான் கூட்டத்தை அஞ்சுவது நம் வசதிக்காக மட்டும் அன்று. குன்னூரைச் சுற்றி, மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி நின்ற கரும்பச்சைக் காடுகளைக் காண்பீர்கள். அவற்றைச் சோலை என்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும் தாவரவியலாளர்களும் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு ‘ஷோலா’ என்று எழுதுகிறார்கள். சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளைக் கசியவிடுகின்றன. அந்த நீர்தான் பவானியாகி, காவிரியில் கலந்து, எங்கள் கரூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. தைல மரமும் சீகை மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை; அவை பரவிய இடங்களில் புல்வெளி சுருங்கிவிட்டது. நாம் வீசும் ஒவ்வொரு பாட்டிலும் இந்த ஓடைகளில்தான் போய்க் கிடக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இறங்குவதைப் பற்றி ஒரு சொல். திரும்பும் வழியில் கல்லாறை நெருங்கும்போது வெக்கை அடுப்பின் கதவைத் திறந்ததுபோல் முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள், அந்துருண்டை வாடை போய்த் தைல மர வாசம் அதில் ஏறியிருக்கும். என் தாயார் அன்று கம்பளியைக் கழற்றாமலே மேட்டுப்பாளையம் வரை உட்கார்ந்திருந்தார். கரூர் வந்து சேர இருட்டிவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டில் அனல் தேங்கியிருந்தது, குழாயைத் திறந்தால் வெந்நீர். நான் அவசரமாக அறைக் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டு, படுக்கையை விரித்தேன். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “இன்னிக்கு எனக்கு அந்த ரூம் வேணாம்டா, மொட்டை மாடியில கட்டிலைப் போடு.” பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கயிற்றுக் கட்டிலை மேலே ஏற்றினார்கள். காற்று அசையவில்லை. அமராவதி பக்கத்திலிருந்து ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டே, நாங்கள் ஆறு பேரும் நெடுநேரம் அங்கே படுத்திருந்தோம்.